இன்னும் ஒரு வெயில்: மின்சாரப் பெட்டியில் பழமும் காய்கறியும் காயவைப்பது

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்துவிட்டால், ஒட்டுசுட்டானில் 22 வருடம் அரைக்கும் ஆலை நடத்தியிருக்கிறேன். மிளகாய், மல்லி, ஒடியல் என்னும் காய்ந்த பனங்கிழங்கு, உழுந்து என்று இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாக்கு ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தவன் நான். காயாத மிளகாயை ஆலைக்குள் கொட்டினால் அது தூளாகாது. சல்லடையில் பசைபோல அப்பிக்கொள்ளும், மோட்டார் முனகும், பெல்ட் கருகும் மணம் எழும். ஆகவே சாக்கின் அடியிலிருந்து ஒரு மிளகாயை இழுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே விதை கலகலவென்றால் தராசில் ஏற்றுவேன். சத்தமே இல்லையென்றால், "அக்கா, இன்னும் ஒரு வெயில் காட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சாக்கைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிடுவேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு ஆலைக்குப் போனவர்களும் உண்டு. அடுத்த முறை கலகலக்கும் மிளகாயோடு அவர்களே திரும்பி வந்தார்கள்.

இப்போது ஆலையை மகன் பார்க்கிறான். என் முழங்கால் ஓய்வு கேட்கிறது. கனடாவிலிருந்து வந்த மகள், "அப்பா, உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது" என்று சொல்லி பழமும் காய்கறியும் காயவைக்கும் மின்சாரப் பெட்டியான டீஹைட்ரேட்டர் ஒன்றைப் பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். வட்டமாக ஐந்து தட்டுகள், அடியில் ஒரு விசிறி, ஒரு சூடேற்றி, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. அதோடு வந்த சிறு புத்தகத்தில் வாழைப்பழத்துக்கு இத்தனை மணி, மாம்பழத்துக்கு இத்தனை மணி என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அதை நம்பி நான் கெடுத்த பழத்துக்குக் கணக்கில்லை. மணிக்கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. காய்ந்ததா இல்லையா என்பதைச் சொல்வது கையும் காதும்தான். அந்த ஒரு விடயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

எதை வெயிலில், எதைப் பெட்டியில்

பெட்டி கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கத் தோன்றும். வேண்டாம். மாசி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடையில் சித்திரையில் நாலு இடி மழை பெய்தாலும்கூட. செத்தல் மிளகாய், ஒடியல், புழுக்கொடியல், மோர்மிளகாய், வடகம், பாவற்காய் வற்றல் ஆகியவற்றைப் பாயில் பரப்பி வெயிலிலேயே போடுங்கள். வெயிலுக்கு மாதக் கடைசியில் பட்டியல் வராது. மிளகாயைப் பெட்டியில் போட்டுப் பார்க்கும் ஆசையில் ஒருநாள் குசினிக்குள் வைத்தேன். அரை மணி நேரத்தில் மனைவி வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். பேத்தி இருமினாள். வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து வேலியோரம் போய்விட்டது. மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்றால் விறாந்தையில் வைத்துச் செய்யலாம், குசினியில் ஒருபோதும் கூடாது.

பெட்டி உதவுவது மூன்று இடத்தில். முதலாவது, இனிப்புப் பழங்கள். மாம்பழத்தையோ வாழைப்பழத்தையோ வெட்டி வெயிலில் வைத்தால் இலையானும் குளவியும் முதலில் வரும், அணிலும் குரங்கும் பிறகு வரும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் முற்றத்துப் புழுதி முழுவதும் ஈரப் பழத்தில் ஒட்டிக்கொள்ளும். கழுவவும் முடியாது. இரண்டாவது, இலைகள். முருங்கையிலையும் கறிவேப்பிலையும் நேர் வெயிலில் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். கண்ணுக்கு நல்லதென்று நாம் உண்ணும் சத்தின் பெரும்பகுதியும் அந்த நிறத்தோடேயே போய்விடும். மூன்றாவது, மாரி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பாயை முற்றத்தில் விரிப்பதும் சுருட்டுவதுமாகவே பொழுது கழியும். பழம் வெயிலில் கெடாமல் காய, 30 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும், காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மாரியில் அந்த இரண்டாவது நிபந்தனை நடக்காத காரியம்.

அப்படியிருக்க மழை நாளில் பெட்டி மட்டும் எப்படிக் காயவைக்கிறது என்று அயலவர் ஒருவர் கேட்டார். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம் என்றேன். 27 பாகையில் 90 சதவீத ஈரப்பதனோடு நிற்கும் காற்றை 57 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அது பழத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். வெளியேறத்தான் வழி வேண்டும். யன்னல் கதவெல்லாம் சாத்திய அறைக்குள் பெட்டியை ஓடவிட்டால் அந்த ஈரக்காற்றே சுற்றிச்சுற்றித் திரும்ப உள்ளே போகும். திறந்த கதவருகே, சாரல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

வெயிலும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பகையில்லை. பாதி காய்ந்த பாவற்காய் வற்றல் திடீர் மழையில் அகப்பட்டால், மிச்சத்தைப் பெட்டி முடித்துக்கொடுக்கும். முழுக்க வெயிலில் காய்ந்த பொருளில் பூச்சி முட்டையிட்டிருக்கக்கூடும். கடைசியில் அதைப் பெட்டியில் 71 பாகையில் அரை மணி வைத்து எடுத்தால் முட்டை அழியும். ஆழ்குளிரூட்டி உள்ளவர்கள் 48 மணி நேரம் அதற்குள் வைத்தும் எடுக்கலாம்.

பெட்டி வாங்குமுன்

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. மூன்று பேஸ் மோட்டார் ஓட்டிய எனக்கு இது தெரியாததல்ல. இருந்தும் மகள் வந்த சந்தோசத்தில், முனையின் வடிவத்தை மாற்றும் சிறு அடப்டரை மாட்டி நேரே குத்திவிட்டேன். விசிறி விமானம்போல இரைந்தது. பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. நல்லவேளை, உள்ளே இருந்த வெப்ப உருகி அறுந்து அதோடு நின்றது. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடேற்றி இழுக்கும் சக்தி நான்கு மடங்காகும். 120க்குச் செய்ததை 230இல் குத்தினால் மூன்றரை மடங்குக்கு மேல். உருகியை மாற்றி, வோல்டை 230இலிருந்து 120க்குக் குறைக்கும், 1000 வாட் தாங்கும் ஸ்டெப் டவுன் மின்மாற்றி ஒன்று வாங்கிப் பூட்டினேன். என் பெட்டி 600 வாட். மின்மாற்றி பெட்டியைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்கவேண்டும், மணிக்கணக்காக ஓடப்போகும் சாமான் அல்லவா. லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் பெட்டிக்கு இந்தத் தலையிடி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருகிறார்கள் என்றால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வோல்டைப் பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் விசிறி பின்பக்கம் உள்ளதை வாங்குவது நல்லது. காற்று எல்லாத் தட்டின் மேலும் குறுக்காக ஓடும், சீராகக் காயும். என்னுடையதைப்போல விசிறி அடியில் இருந்தால் கீழ்த்தட்டு முந்தும், மேல்தட்டு பிந்தும். இரண்டு மணிக்கொருமுறை தட்டுகளை மாற்றி அடுக்கவேண்டும். ஒரு தட்டின் மணம் மற்றதில் ஏறவும் செய்யும். கீழ்த்தட்டில் வெங்காயம், மேலே மாம்பழம் என்று ஒருநாள் இடத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்தேன். அந்த மாம்பழத்தைப் பேத்தி ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மப்பா, இது சம்பலா?" என்று கேட்டாள். வெங்காயம், உள்ளி, மிளகாய் போன்ற மணமுள்ளவற்றுக்குத் தனி நாள். கருவாட்டுக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை. இறைச்சிக்கும் இதே முறையைப் பின்பற்றிவிடாதீர்கள். அதை முதலில் 71 பாகை வரை சூடாக்கிக் கிருமியைக் கொன்றாக வேண்டும். அது வேறு கலை.

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திருகியில் எழுதியிருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஒரு வெப்பமானியைத் தட்டில் வைத்து ஒரு மணி நேரம் வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். என் பெட்டியில் திருகி காட்டுவதைவிட உள்ளே நாலைந்து பாகை குறைவு. அதைத் தெரிந்துகொண்டபின் திருகியில் பென்சிலால் என் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

மின்சாரக் கணக்கு சுலபம். 600 வாட் பெட்டி 10 மணி நேரம் இடைவிடாமல் இழுத்தால் 6 யூனிட். வெப்பம் ஏறியதும் சூடேற்றி விட்டுவிட்டு வேலை செய்வதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஆனாலும் பாவனை கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவதால், ஒரு தட்டுப் பழத்துக்காகப் பெட்டியைப் போடாதீர்கள். ஐந்து தட்டும் நிறையச் சேர்த்துக்கொண்டு போடுங்கள்.

வெட்டுவதும் வெந்நீர் காட்டுவதும்

எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருக்கவேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது என்று வெட்டினால் மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாக இருக்கும், இரண்டையும் ஒரே போத்தலில் போட்டால் தடித்தது மெல்லியதையும் கெடுக்கும். காய்கறிக்கு 3 மில்லிமீற்றர், பழத்துக்கு 5 அல்லது 6. ஐந்து ரூபாய்க் குற்றிகளை அடுக்கி வைத்து மனைவிக்குத் தடிப்புக் காட்டப்போய், "நாற்பது வருடமாக வெட்டுகிறவளுக்குக் காசு வைத்துக் காட்டுகிறார்" என்று வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவள் வெட்டியது எல்லாம் ஒரே அளவாகத்தான் இருந்தது.

வாழைப்பழமும் மாம்பழமும் வெட்டியதும் கறுக்கத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறும் தண்ணீரும் சம அளவாகக் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டால் நிறம் நிற்கும். தேசிக்காய் விலையேறிய காலத்தில் மருந்துக் கடையில் வாங்கும் விற்றமின் சி குளிசை உதவும். 500 மில்லிகிராம் குளிசை ஆறைப் பொடித்து இரண்டு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த குளிசையல்ல, வெறும் விற்றமின் சி. கறுத்தால் என்ன, சுவை மாறாது என்று நினைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். நான் பல நாள் தாண்டியிருக்கிறேன்.

காய்கறிக்கு வெந்நீர் காட்டுவது ஏன் என்று விளக்க எனக்குப் பனங்கிழங்கே போதும். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கிக் கூழோ பிட்டோ செய்யவேண்டும். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். கிழங்கு ஒன்றுதான், இடையில் ஒரு அவியல் அதை வேறு பொருளாக்கிவிடுகிறது. கரட், போஞ்சி, பயிற்றங்காய் ஆகியவற்றையும் மூன்று நான்கு நிமிடம் கொதிநீர் ஆவியில் வைத்து எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் ஒற்றிவிட்டுப் பெட்டியில் வைத்தால், காய்ந்தபிறகும் நிறமும் மணமும் மாறாமல் நிற்கும். காய்கறிக்குள் தொடர்ந்து வேலைசெய்து அதைப் பழுதாக்கும் நொதியங்களை அந்தச் சூடு அடக்கிவிடும். கறிக்குப் போடும்போது தண்ணீரையும் சீக்கிரம் இழுக்கும். வெண்டிக்காய், வெங்காயம், தக்காளி, மிளகாய், இலைகள் இவற்றுக்கு அவியல் தேவையில்லை.

மாம்பழம், வாழைப்பழம், மற்றவை

வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொட்டும் காலம். ஒரே மரத்தில் ஒரே கிழமையில் பழுத்தால் யார் தின்று முடிப்பது? கையால் அமத்தினால் சற்றே நெகிழும் பழமாக எடுங்கள். குழைந்ததைப் பனாட்டுப்போலத் தகடாகக் காயவைக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். தோலைச் சீவி, கொட்டையின் இரு கன்னத்தையும் அறுத்து, 6 மில்லிமீற்றர் கீற்றாக்கித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். வெப்பம் 57 பாகை. பாரன்ஹீட் போட்ட பெட்டியென்றால் 135. எட்டு மணி நேரத்தில் பார்க்கத் தொடங்கலாம். பன்னிரண்டும் ஆகலாம். மழை நாளென்றால் அதையும் தாண்டும்.

அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டாதீர்கள். ஒருநாள் மாலை கோவிலுக்குப் போகவேண்டியிருந்தது. கதலி வாழைப்பழத்தை 70 பாகையில் போட்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். தொட்டால் தோல்போல இறுகியிருந்தது. போத்தலில் போட்டு மூடினேன். நாலாம் நாள் காலையில் போத்தலின் உட்பக்கம் பனி படர்ந்ததுபோல இருந்தது. ஒரு வில்லையை எடுத்து நடுவால் அறுத்தேன். வெளியே பழுப்பு நிறத்தில் கெட்டி ஓடு, உள்ளே பசையாக நேற்று வெட்டிய பழம். போத்தலின் அடியில் இருந்த இரண்டு வில்லையில் வெள்ளைப் பூஞ்சணம் மயிர்போல எழும்பியிருந்தது. முழுப் போத்தலையும் குப்பைக்குழியில் கொட்டினேன். பூஞ்சணம் பிடித்த துண்டை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைத் தின்னும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகி, உள்ளே இருக்கும் நீருக்குக் கதவைச் சாத்திவிடும். மெதுவாகத்தான் விடவேண்டும்.

குழைந்த மாம்பழத்துக்கு வருகிறேன். பனம்பழக் களியைப் பாயில் பூசி, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படை பூசி, வெயில் வெயிலாகக் காட்டிப் பனாட்டுச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாம்பழத்தை மசித்து, நாரிருந்தால் வடித்து, ஒரு கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டு, பெட்டியோடு வரும் துளையில்லாத தட்டில் துளி எண்ணெய் தடவி ஊற்றுங்கள். நடுவில் 3 மில்லிமீற்றர், ஓரத்தில் அதற்கு இரட்டிப்பு. ஓரம் முந்திக் காயும், ஆகவே ஓரத்துக்குத்தான் தடிப்பு வேண்டும். 60 பாகையில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். நடுவில் விரலை வைத்து அமத்தினால் குழி விழக்கூடாது. இளஞ்சூட்டிலேயே உரித்துச் சுருட்டிவிடுங்கள், ஆறினால் தட்டோடு சண்டை பிடிக்கவேண்டிவரும். சீனி தேவையில்லை. காயக்காயப் பழத்தின் இனிப்பே திரண்டு வரும்.

பப்பாசியும் பலாச்சுளையும் மாம்பழம் போலத்தான். பலாவுக்குக் கத்தியிலும் கையிலும் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பாலைப்பழம் காட்டிலிருந்து வரும் நாட்களில் அதையும் செய்து பார்த்தேன். கொட்டையை எடுத்து, வலைத்தட்டில் எண்ணெய் தடவிப் பரப்பினேன். எண்ணெய் தடவாத முதல் தட்டிலிருந்து அந்தப் பால் ஒட்டைச் சுரண்ட எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது. ஆனால் காய்ந்த பாலைப்பழத்தின் சுவை இருக்கிறதே, முந்திரிகை வற்றல் அதனருகே நிற்காது. உதடு ஒட்டும் தொல்லையும் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வெண்டிக்காயையும் பாவற்காயையும் வட்டமாக வெட்டி, பாவற்காய்க்கு மட்டும் உப்பும் மஞ்சளும் பிரட்டி அரை மணி வைத்துப் பிழிந்துவிட்டு, 57 பாகையில் விடுங்கள். தக்காளியைப் பாதியாக வெட்டினால் ஒரு நாள் முழுவதும் ஆகும். வில்லையாக வெட்டுங்கள். தக்காளி கிலோ அடிமாட்டு விலைக்கு இறங்கும் கிழமையில்தான் இது பிரயோசனம்.

முருங்கையிலை, கறிவேப்பிலை இரண்டுக்கும் 35 தொடக்கம் 40 பாகை போதும். கழுவி, துணியில் பரப்பி நீர் வற்றியபின் ஈர்க்கோடு தட்டில் வையுங்கள். கறிவேப்பிலை மூன்று நான்கு மணி நேரத்தில் உள்ளங்கையில் நொறுங்கும். இலை காற்றில் பறந்து விசிறிக்குள் விழாமல் மேலே ஒரு வெற்று வலைத்தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். கறித்தூளுக்கு வறுத்து அரைக்கும்போது இந்தக் காய்ந்த கறிவேப்பிலையைச் சேர்த்தால் ஆலைக்காரன் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டான்.

தேங்காய் போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ளவற்றை இந்தப் பெட்டியில் காயவைத்து மாதக்கணக்காக வைக்க நினைக்காதீர்கள். சிக்கு மணம் வந்துவிடும்.

காய்ந்ததா?

சூட்டில் எல்லாம் மெத்தென்றுதான் இருக்கும். பெட்டியை நிறுத்தி, நாலைந்து துண்டை வெவ்வேறு தட்டிலிருந்து எடுத்து, ஆறவிட்டுப் பாருங்கள். காய்கறியென்றால் முறியவேண்டும். வெண்டிக்காய் வில்லை பல்லில் அப்பளம்போல உடையவேண்டும். கரட் தட்டில் போட்டால் கல்லுப்போலச் சத்தமிடவேண்டும். பழம் முறியாது, முறியவும் கூடாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், காய்கறியில் பத்தில் ஒரு பங்குதான். மாங்கீற்றை இரண்டாக மடித்து விடுங்கள். மடித்த பக்கங்கள் ஒட்டாமல் மெல்ல விரிந்தால் சரி. பிறகு அறுத்து, அறுவாயை இரண்டு விரலால் அமத்துங்கள். ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு வெயில், அதாவது இன்னும் ஒரு மணி நேரம்.

ஆலைக்காரன் புத்தி விடாது, நான் தராசும் வைக்கிறேன். ஒரு கிலோ மாம்பழச் சதை ஏறத்தாழ 200 கிராமுக்கு இறங்கவேண்டும். ஒரு கிலோ வாழைப்பழம் 300 கிராம் அளவுக்கு. தக்காளி 70 கிராம் வந்தாலே பெரிய காரியம். 350 கிராம் மாங்கீற்றோடு பெட்டியை நிறுத்தினால் நீங்கள் போத்தலில் அடைப்பது தண்ணீர்.

போத்தல் காவல்

காய்ந்த பழத்தில் ஒரு துண்டில் ஈரம் கூட, ஒரு துண்டில் குறைய இருக்கும். ஆறியதும் கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்குக்கும் குறைவாக, தளர்வாக நிரப்பி மூடுங்கள். ஏழிலிருந்து பத்து நாள் வரை தினமும் ஒருமுறை குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரம் கூடியது குறைந்ததற்குக் கொடுத்து எல்லாம் ஒரு நிதானத்துக்கு வரும். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் யோசிக்காமல் திரும்பப் பெட்டியில் போடுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் குலுக்கும் வேலை பேத்தியுடையது. பள்ளிக்கூடம் போகுமுன் ஐந்து போத்தலையும் குலுக்கிவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவாள். போத்தலின் நிறை குறைந்துகொண்டே வருவதற்கும் அவளே பொறுப்பு.

காவல் முடிந்ததும் சிறு போத்தல்களாகப் பிரித்து இறுக்கமாக மூடி, வெளிச்சம் படாத அலுமாரியில் வையுங்கள். பெரிய போத்தல் ஒன்றை நாளுக்கு நாலு தரம் திறந்தால் மாரிக் காற்று உள்ளே போய்விடும். 27 பாகைச் சூட்டில் காய்ந்த பழம் ஆறு மாதம் வரை நிற்கும், காய்கறி அதில் பாதிக் காலம். சித்திரை வெயிலில் நம்முடைய தகரக் கூரையின் கீழ் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மூலை கிடைத்தால் நல்லது. போத்தலில் பொருளின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். காய்ந்த பப்பாசிக்கும் காய்ந்த மாம்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வீட்டில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. எறும்புக்கு, மேசையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் வைக்கும் பழைய முறைதான்.

கறிக்கு எடுக்கும்போது ஒரு கோப்பைக் காய்ந்த காய்கறிக்கு இரண்டு கோப்பை கொதிநீர் ஊற்றி அரை மணி விடுங்கள். ஊறிய நீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேருங்கள், சத்தில் கொஞ்சம் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஊறவிடவேண்டாம். வெண்டிக்காயை ஊறவைக்கவே தேவையில்லை. கொதிக்கும் புளிக்கறியில் நேரே போடுங்கள், வழுவழுப்பு இல்லாமல் வரும்.

தட்டுகளைப் பழம் எடுத்த உடனேயே இளஞ்சூட்டு நீரில் ஊறப்போடுங்கள். மறுநாளுக்கு விட்டால் பழச்சாறு கோந்தாகிவிடும். விசிறி இருக்கும் அடிப்பாகத்தில் தண்ணீர் படக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவிய தட்டுகளை அடுக்குமுன் முற்றத்துக் கொடியில் கட்டி நன்றாக உலர விடுகிறேன். அதற்கு எப்போதும் வெயில்தான்.